பரிசுப் பத்திரமும் தொழிலாளியின் சேமிப்பும்

1960-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதியன்று இந்திய சர்க்கார் ஒரு புதுமாதிரியான கடன் பத்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். பரிசுப் பத்திரம் என்று அதற்குப் பெயர். 5 ரூபாய்க்கு ஒன்று, 100 ரூபாய்க்கு ஒன்று என இரண்டு தினுசுகளில் அது கிடைத்தது. வாங்கியவருக்கு ஐந்து வருஷ காலத்துக்கு வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாகக் குறிப்பிட்ட தவணைகளில் குலுக்கல் நடக்கும். அதிர்ஷ்டமுள்ள எண்ணுக்குப் பரிசு கிடைக்கும். மற்றவர்களுக்கு ஐந்தாம் வருஷ முடிவில் போட்ட முதல் அப்படியே திரும்பி வரும். அப்போது நிதி மந்திரியாயிருந்தவர் ஸ்ரீ மொரார்ஜி தேசாய். மதுவிலக்கு முதலிய விஷயங்களில் அவரைக் காட்டிலும் கண்டிப்பானவரை அந்த மந்திரி சபையில் காண்பது அரிது. அத்தகையவரே குலுக்கலை நாடினார் என்றால், இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி வருஷத்தில் கஜானாவுக்கு இருந்த பணமுடை எப்படிப்பட்டது என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். சீனப் படையெடுப்புக்குப் பின், 1963-ல், முதலுக்கு மேல் சிறிது பிரீமியமும் சேர்த்துத் தரும் பத்திரங்கள் வெளியாயின. வட்டி இல்லாத பத்திரம் வாங்கியவர்களின் குறை சர்க்காரின் காதுக்கு எட்டியிருக்க வேண்டும் என்றே அந்த மாறுதலைக் கொண்டு நினைக்கத் தோன்றுகிறது.

இந்தப் பழங்கதையை இப்போது நாம் எடுப்பதற்குக் காரணம் உண்டு. சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, காக்களூர் ஆகிய இடங்களில் உள்ள தொழிற்பேட்டைகளைச் சுற்றி வாழும் தொழிலாளரின் நிலைமையை அறிந்த அன்பர்கள் சிலர், பரிசுப் பத்திரத்தைச் சர்க்கார் மறுபடியும் கொண்டு வந்தால் என்ன என்று கேட்கின்றனர். அவர்களுடைய வாதம் இது. தொழிலாளி எப்படியும் அதிர்ஷ்டத்தைத் தேடித்தான் போகிறான். கள்ள லாட்டரியிலும், கைப்பேசிச் சூதாட்டத்திலும், ஊர் பேர் தெரியாத கம்பெனியின் பரிசுத் திட்டத்திலும் அவன் கூலி கரைகிறது. முதலுக்கு மோசமில்லாத ஓர் அதிர்ஷ்டத்தைச் சர்க்காரே கொடுத்தால் அவன் பணமாவது பிழைக்குமல்லவா? வாதம் நல்லெண்ணத்தில் பிறந்தது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மற்றப் பாதியைத்தான் சற்று விரிவாக ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. சர்க்கார் தங்கள் கையிலிருந்து அதைக் கொடுப்பதாகப் பலர் நினைக்கின்றனர். அப்படியல்ல. பத்திரம் வாங்கிய அனைவருக்கும் நியாயமாகச் சேர வேண்டிய வட்டியைத் தனித்தனியாகக் கொடுக்காமல் ஒரு குவியலாகச் சேர்த்து, அதைச் சிலருக்கு மட்டும் அள்ளிக் கொடுப்பதே இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். ஆகவே பரிசு என்பது மற்றவர்களின் வட்டி. 100 ரூபாய் போட்டு ஐந்து வருஷத்துக்குப் பின் 100 ரூபாய் திரும்பப் பெற்றவர், தம் பணம் பத்திரமாக வந்ததென்று மகிழ்ந்திருக்கலாம். அந்த ஐந்து வருஷங்களில் அரிசியும் பருப்பும் துணியும் விலை ஏறியதை நினைத்தால், அவருக்குத் திரும்பி வந்த 100 ரூபாய், கொடுத்த 100 ரூபாயாக இல்லை.

குலுக்கலைக் கொண்டு சர்க்கார் கடன் வாங்குவது இந்தியாவில் பிறந்த யோசனையல்ல. 1694-ல் பிரான்ஸுடன் யுத்தம் நடத்திக் கொண்டிருந்த இங்கிலாந்து சர்க்கார், தாமஸ் நீல் என்பவரின் ஏற்பாட்டில், தலா 10 பவுன் விலையில் ஒரு லக்ஷம் சீட்டுகளை விற்று 10 லக்ஷம் பவுன் திரட்ட முற்பட்டனர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சீட்டில் பரிசு விழாதவருக்கும் வருஷம் ஒரு பவுன் வீதம் 16 வருஷங்களுக்குத் தருவதாக வாக்களிக்கப்பட்டிருந்தது. அதாவது, தோற்றவரும் 10 பவுனுக்கு 16 பவுன் பெற வேண்டும். முன்னூறு வருஷங்களுக்கு முன் ராஜாங்கம் நடத்தியவர்கள் தோற்றவரிடம் காட்டிய தாட்சண்யத்தை, சுதந்தர இந்தியாவின் முதல் பரிசுப் பத்திரம் காட்டவில்லை.

இக்காலத்தில் இவ்வித ஏற்பாட்டுக்கு எல்லாரும் எடுத்துக் காட்டுவது பிரிட்டிஷ் பிரீமியம் பத்திரங்களையே. 1956 ஏப்ரலில் ஹெரால்ட் மாக்மில்லன் தமது பட்ஜெட்டில் இதை வெளியிட்டபோது, எதிர்க்கட்சியின் ஹெரால்ட் வில்ஸன் இதை ஒரு கேவலமான குலுக்கல் என்று வருணித்தார். பாதிரிமாரும் கண்டித்தனர். அதனால் விற்பனை குறையவில்லை. அந்த வருஷம் நவம்பர் முதல் தேதி விற்பனை ஆரம்பமாயிற்று. 1957 ஜூன் முதல் தேதி ‘எர்னி’ என்னும் யந்திரம் முதல் எண்களைப் பொறுக்கி எடுத்தது. வில்ஸன் பிற்பாடு பிரதம மந்திரியான காலத்திலும் அந்தப் பத்திரம் ஒழிக்கப்படவில்லை என்பது அரசியல்வாதிகளின் கோபத்தை அளக்க ஒரு நல்ல அளவுகோல். இன்று அந்நாட்டில் இரண்டு கோடிக்கும் அதிகமான மக்கள் இதை வைத்திருக்கின்றனர்.

நாணயமாக நடக்கும் ஏற்பாடு அது. முதலுக்குப் பயமில்லை, வேண்டும்போது திரும்பப் பெறலாம், பரிசுக்கு வரியில்லை. அப்படிப்பட்ட ஓர் ஏற்பாட்டிலேயே சிறு பணக்காரனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். 2025 ஆகஸ்டில் அமலுக்கு வந்த விகிதப்படி, பரிசுக்காக ஒதுக்கப்படும் தொகை மொத்த முதலில் வருஷத்துக்கு 3.6 சதவீதம். ஒரு பவுனுக்கு ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் மாதந்தோறும் பரிசு விழக்கூடிய சந்தர்ப்பம் 22,000-ல் ஒன்று. ஒருவர் 50,000 பவுன் வரையில் வைத்துக் கொள்ளலாம். குறைந்தது 25 பவுன் போட வேண்டும். 50,000 பவுன் வைத்திருக்கும் சீமானுக்குச் சராசரியாக மாதம் இரண்டு பரிசுகளுக்கு மேல் வந்து கொண்டிருக்கும். அவருக்கு இது ஏறக்குறைய வட்டியே. 25 பவுன் மட்டும் வைத்திருக்கும் கூலிக்காரருக்கோ, சராசரியாக ஒரு பரிசு விழ 880 மாதங்கள், அதாவது 73 வருஷங்கள், காத்திருக்க வேண்டும். 1,000 பவுன் போட்ட நடுத்தரக்காரர்கள் நூறு பேரை எடுத்துக் கொண்டால், ஒரு வருஷ முடிவில் சுமார் 58 பேர் ஒரு பரிசும் இல்லாமல் வெறுங்கையோடு நிற்பர். விளம்பரத்தில் எல்லாருக்கும் ஒரே 3.6 சதவீதம்தான். சராசரி என்ற சொல்லுக்குள் சீமானும் கூலிக்காரரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றனர். அனுபவத்தில் ஒருவருக்கு மாத வருமானம், மற்றவருக்கு ஒரு கனவு. பரிசுப் பத்திரம் ஏழைக்கேற்ற சேமிப்பு என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தார்களா என்று நமக்குச் சந்தேகமாயிருக்கிறது.

இனி கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். உருக்குப் பட்டறைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் ரசாயன ஆலைகளிலும் வேலை செய்யும் ஒரு தொழிலாளி, வாடகையும் கடையும் போக மாதம் 1,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அதைத் தபாலாபீஸ் ரெக்கரிங் டிபாசிட்டில் போட்டால், 2024-25-ம் நிதியாண்டில் இருந்த 6.7 சதவீத வட்டிப்படி, ஐந்து வருஷ முடிவில் அவர் போட்ட 60,000 ரூபாய் சுமார் 71,300 ரூபாயாகத் திரும்பும். வட்டியில்லாப் பரிசுப் பத்திரத்தில் போட்டிருந்தால், பெரும்பாலும் 60,000 ரூபாயே வரும். நடுவிலுள்ள 11,300 ரூபாய்தான் குலுக்கலில் கலந்து கொள்வதற்கு அவர் கட்டும் டிக்கெட் விலை. ஒரு பெண்ணின் பள்ளிச் செலவுக்கோ, சொந்த ஊரில் கூரையை ஓடாக மாற்றவோ அது போதுமான தொகை. சில்லறையாகக் கழிவதால் அந்த விலை கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் தொழிலாளி ஏன் தபாலாபீஸுக்குப் போவதில்லை? இதற்கு அறியாமை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வது படித்தவர்களின் வழக்கம். நமக்கு அதில் சம்மதமில்லை. தீபாவளிச் சீட்டை எடுத்துக் கொள்வோம். வருஷம் முழுவதும் மாதம் 500 அல்லது 1,000 கட்டினால், பண்டிகைக்கு முன் மளிகைச் சாமான், இனிப்புப் பெட்டி, பட்டாசு, ஒரு வெள்ளிக்காசு, சில இடங்களில் அரை கிராம் தங்கம் என்று வீடு தேடி வரும். பணம் வாங்க வருபவர் பக்கத்துத் தெருவிலுள்ள பெண்மணி. தெலுங்கிலும் தமிழிலும் பேசுவார். ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் சேர்த்துக் கட்டச் சொல்வார். ஆதார் அட்டையில் உள்ள விலாசம் பீஹாரிலா, ஒடிஸாவிலா என்று அவர் கேட்பதில்லை. தபாலாபீஸ் கவுண்ட்டரோ பகலில் திறந்து பகலில் மூடுவது. பகல் ஷிப்டில் இருப்பவன் அங்கே போக வேண்டுமென்றால் அரை நாள் கூலியை இழக்க வேண்டும். ராத்திரி ஷிப்டு முடித்து வருபவனுக்குத் தூக்கம் வேண்டும். சேமிக்கப் போவதற்கே இந்த அபராதம் என்றால் யார் போவார்கள்?

ரெக்கரிங் டிபாசிட்டின் விதிகளிலும் நிரந்தர உத்தியோகஸ்தரை மனத்தில் வைத்து எழுதிய வாசனை இருக்கிறது. தவணை தவறினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். நான்கு தவணைகள் தவறிப் பின்னும் கட்டாவிட்டால் கணக்கு நின்று போகும். குறித்த அவகாசத்துக்குள் உயிர்ப்பித்துக் கொள்ளலாம். சம்பளம் மாதா மாதம் வரும் ஆசிரியருக்கு இது தொந்தரவல்ல. காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் வேலையும் மாறி, ஆர்டர் இல்லாத மாதங்களில் வீட்டில் உட்கார நேரும் காண்டிராக்ட் தொழிலாளிக்கு நான்கு மாதம் என்பது சாதாரணமாக வரக்கூடிய இடைவெளி.

ஆனால் தெருவிலுள்ள பெண்மணி ஒரு நாள் ஓடிப்போனால்? அப்போதுதான் சட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. நமது நாட்டில் சீட்டுக்குச் சட்டம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. சென்னை மாகாணத்தில் கிராமந்தோறும் நடந்த ஏலச்சீட்டுக்கு 1961-ல் இங்கே ஒரு சட்டமும், 1982-ல் பார்லிமெண்டின் சட்டமும் உண்டு. அவற்றின்படி சீட்டு நடத்துபவர் ரிஜிஸ்திரார் முன்னிலையில் பதிவு செய்து ஜாமீன் கட்ட வேண்டும். ஏலச்சீட்டில் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஒரு முறை பணம் வந்தே தீரும். எப்போது வரும் என்பது மட்டுமே ஏலத்தைப் பொறுத்தது. பரிசுச்சீட்டு என்பது வேறு ஜாதி. எல்லாரும் மாதா மாதம் கட்டுவார்கள். குலுக்கலில் பெயர் வந்தவன் பரிசோடு விலகி விடுவான், மேற்கொண்டு கட்ட வேண்டியதில்லை. பெயர் வராதவன் கடைசி வரையில் கட்டிவிட்டுத் தன் முதலை மட்டும், பல சமயங்களில் அதிலும் குறைத்து, வாங்கிக் கொண்டு போவான். நடுவில் சேர்ந்த வட்டியெல்லாம் நடத்துபவன் பெட்டியில். ரிஸர்வ் பாங்கு நியமித்த ஜேம்ஸ் ராஜ் குழு இதை ஆராய்ந்து, பொதுஜன நன்மைக்கு விரோதமானது என்று 1975-ல் சொல்லிற்று. அதன் பேரில் 1978-ல் பரிசுச்சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் அடியோடு தடுக்கும் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தைச் சில கம்பெனிகள் ஆக்ஷேபித்துச் சென்றபோது, 1980-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர், ஏழைகளின் சேமிப்பைக் காக்கப் பூரணத் தடை அவசியமே என்று கண்டு அதை நிலைநாட்டினார்.

நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். 1978-ல் குற்றமாக்கப்பட்ட பரிசுச்சீட்டுக்கும் 1960-ல் சர்க்கார் விற்ற பரிசுப் பத்திரத்துக்கும் உருவத்தில் அதிக வேற்றுமையில்லை. இரண்டிலும் பலருடைய வட்டி சிலருக்குப் பரிசாகிறது. இரண்டிலும் தோற்றவருக்கு முதல் மட்டுமே. உள்ள வேற்றுமை ஒன்றே: சர்க்கார் ஓடிப்போக மாட்டார்கள். அது பெரிய வேற்றுமைதான், சந்தேகமில்லை. கம்பெனி பூட்டிய கதவின் முன் நின்று அழுதவர்களைக் கேட்டால் அதன் மதிப்பைச் சொல்வார்கள். ஆயினும், தனிப்பட்டவன் செய்தால் சுரண்டல் என்று சட்டம் சொல்லும் ஒரு காரியம், முத்திரை மாறியதால் மட்டும் சிக்கன இயக்கமாகி விடுமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. அந்தச் சட்டமும் சர்க்கார் நடத்துவதற்கு விலக்கு அளித்தே வைத்திருக்கிறது. பாங்குகள் டிபாசிட் திரட்டுவதற்காகப் பரிசு, லாட்டரி முதலிய அதிர்ஷ்ட ஆசை காட்டக் கூடாதென்று ரிஸர்வ் பாங்கின் கட்டளை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஒரு பெரிய பாங்கு 2005-ல் இதே மாதிரி ஒரு கணக்கை ஆரம்பித்தபோது, அது லாட்டரிச் சட்டத்துக்கு விரோதம் என்று 2008-ல் அந்நாட்டு உயர்ந்த அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆகவே இந்தியாவில் பரிசோடு கூடிய சேமிப்பு வர வேண்டுமானால், அது சர்க்காரின் கையால்தான் வர முடியும். பொறுப்பும் அவர்களுடையதே.

லாட்டரியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஸ்ரீ அண்ணாதுரை முதல் மந்திரியாயிருந்த 1968-ல் நமது மாகாணத்தில் பரிசுச் சீட்டுத் திட்டம் வந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற வாக்கியத்தை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாக்கியம் அழகானது, கணக்கு அவ்வளவு அழகாக இல்லை. விழாத கோடிக்கணக்கான சீட்டுகளில் நாட்டுக்கு வந்தது ஒரு பங்கு, ஏஜெண்டுகளுக்கும் விற்பனைக்காரருக்கும் போனது ஒரு பங்கு, வீட்டுக்கு இல்லாமற் போனதோ முழுவதும். நடுவில் நிறுத்தப்பட்டும் தொடரப்பட்டும் வந்த லாட்டரி விற்பனை 2003 ஜனவரியில் தடை செய்யப்பட்டது. அதை நாம் சரியான முடிவென்றே கருதுகிறோம். கேரளத்தில் 1967-ல் தொடங்கிய சர்க்கார் லாட்டரி இன்றும் நடக்கிறது. அது அவர்கள் ராஜ்ய விவகாரம்.

தடை ஆசையை ஒழிக்கவில்லை என்பதையும் ஒப்புக் கொள்ள வேண்டும். கடைசி மூன்று எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி விற்கும் கள்ள லாட்டரி பிறந்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் அந்த லாட்டரியில் பொருளை இழந்த ஒரு நகைத் தொழிலாளி குடும்பத்தோடு உயிர் துறந்தபோது நாடே பதறிற்று. பிறகு கைப்பேசி வழியாக ரம்மி வந்தது. 2022-ல் சட்டசபை நிறைவேற்றிய தடைச் சட்டம் கவர்னர் மாளிகையிலும் ஹைகோர்ட்டிலும் அலைந்து கொண்டிருக்கையில், 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் செய்தது. இன்னொரு பக்கம், மாதம் 25, 30 சதவீதம் தருவதாகச் சொல்லிச் சென்னையிலிருந்து டிபாசிட் திரட்டிய ஒரு கம்பெனி, சுமார் ஒரு லக்ஷம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீஸார் கூறும் வழக்கு 2022-ல் வெளிவந்தது. வட தமிழ்நாட்டு ஜில்லாக்களிலிருந்து அதில் பணம் போட்டவர்கள் ஏராளம். மாதம் 30 சதவீதம் தரக் கூடிய நேர்மையான தொழில் உலகத்தில் எதுவும் இல்லை என்பதை ஐந்தாவது படித்த பையனும் சொல்வான். ஆனால் மாதம் 1,000 ரூபாய் மிச்சம் பிடிப்பவனுக்கு, நேர்மையான வட்டியில் அவன் ஆயுள் காலத்தில் ஒரு வீட்டு மனை வாங்க முடியாது என்பதும் தெரிந்தே இருக்கிறது. அதிர்ஷ்டத்தை அவன் நாடுவது அந்தக் கணக்கைத் தெரிந்துதான். பேராசை என்று அவனை வைவதில் நமக்கு விருப்பமில்லை.

ஆகவேதான், பரிசே வேண்டாம் என்று சொல்லவும் நாம் தயாராயில்லை. 1960-ன் உருவத்தில் வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். தொழிலாளியின் வட்டியை முழுவதும் விழுங்கும் பரிசு, பணக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு, ஏழைகளுக்கு நஷ்டம். வட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, அதில் ஒரு சிறு கீற்றை மட்டும் குலுக்கலுக்கு ஒதுக்கினால் என்ன ஆகும்? திருவள்ளூர் ஜில்லாவில் ஒரு லக்ஷம் தொழிலாளர் மாதம் 1,000 ரூபாய் வீதம் தபாலாபீஸில் போடுவதாகக் கற்பனை செய்வோம். முதல் வருஷத்தில் ஒவ்வொருவர் கணக்கிலும் சராசரியாக 6,500 ரூபாய் இருக்கும். மொத்தம் 65 கோடி. வட்டியில் அரை சதவீதத்தை மட்டும் பரிசுக்கு எடுத்தால் 32 லக்ஷத்து 50 ஆயிரம் ரூபாய் சேரும். ஆயிரம் ரூபாய்ப் பரிசுகளாகக் கொடுத்தால் 3,250 பேருக்குக் கொடுக்கலாம். நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் ஒரு மாதத் தவணை பரிசாக வரும். பரிசு வராத ஒவ்வொருவரும் அந்த வருஷத்தில் இழப்பது 32 ரூபாய் 50 காசு, பெரிய கடைத்தெருவில் இரண்டு டீ குடிக்கும் செலவு. இந்த விலையை அறிந்து கொடுக்க எவனும் மறுக்க மாட்டான். ஒரு கோடி ரூபாய்ப் பரிசு என்று கொட்டை எழுத்தில் போட்டால் விளம்பரம் நன்றாயிருக்கும். ஆனால் ஒரே ஒருவனைக் கோடீசுவரனாக்க ஆயிரக்கணக்கானவர்களின் வட்டி தேவைப்படும். பரிசுகள் சிறியனவாகவும் பலவாகவும் இருப்பதே நியாயம்.

இன்னொரு எச்சரிக்கை. பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டும். கையில் வைத்திருப்பவனே உரிமையாளன் என்ற மாதிரிப் பத்திரங்களைப் பாகிஸ்தான் சர்க்கார் 1960 முதல் விற்று வந்தனர். நாளடைவில் கணக்கில் வராத பணத்தை ஒளித்து வைக்கவும், பரிசு விழுந்த பத்திரத்தை அதிக விலைக்கு வாங்கிக் கறுப்பை வெள்ளையாக்கவும் அவை பயன்பட்டன. கடைசியில் 2019-ல் 40,000 ரூபாய்ப் பத்திரத்தையும், அதைத் தொடர்ந்து மற்றப் பெரிய பத்திரங்களையும் அவர்கள் வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. ஏழைக்கென்று ஆரம்பித்த பத்திரம் எப்படிப் பெட்டி பெட்டியாகச் சீமான்களின் இரும்புப் பீரோவுக்குள் போகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. ஒருவர் போடக் கூடிய தொகைக்கும் உச்சவரம்பு வேண்டும்; இங்கிலாந்தின் 50,000 பவுன் மாதிரி உயரத்தில் வைத்த வரம்பு வரம்பே அல்ல.

பரிசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய காரியம் வேறொன்று இருக்கிறது. வீடு வீடாகச் சென்று தபாலாபீஸ் தவணை வசூலிக்கும் பெண் ஏஜெண்டுகளின் ஏற்பாடு 1972 முதல் நமது நாட்டில் நடைமுறையில் உள்ளது. வசூலில் 4 சதவீதம் அவர்களுக்குக் கமிஷன். தீபாவளிச் சீட்டுப் பெண்மணி செய்யும் அதே வேலையைச் சர்க்காரின் ரசீதோடு செய்ய இப்படி ஒரு படை இருக்கையில், அது பெரும்பாலும் நிரந்தர உத்தியோகஸ்தர் வீடுகளைச் சுற்றியே வருகிறது. ஸிப்காட் வாசலிலும், வடநாட்டுத் தொழிலாளர் பத்துப் பேர் ஓர் அறையில் வசிக்கும் வாடகை லயன்களிலும் அதைக் காண்பது அரிது. ஹிந்தியும் ஒரியாவும் தெரிந்த ஏஜெண்டுகளை அங்கே நியமிக்கத் தபால் இலாகாவுக்கு எந்தச் சட்டமும் தடையில்லை. சம்பளம் கொடுக்கும் வாரத்தில் மட்டுமாவது சாயங்காலம் 6 மணி முதல் 9 மணி வரை ஒரு கவுண்ட்டரைத் தொழிற்பேட்டைக்குள் திறக்கலாம். நான்கு தவணை விதியைக் காண்டிராக்ட் தொழிலாளருக்குப் பன்னிரண்டாகத் தளர்த்தலாம். பணத்தை ஊருக்குக் கொண்டு போகும் தொழிலாளி, கட்டாக்கிலோ தன்பாத்திலோ உள்ள தபாலாபீஸில் அதே கணக்கை இரண்டு நாளில் தொடர முடிய வேண்டும். கணக்குகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட இந்நாளில் இது அசாத்தியமான கோரிக்கையல்ல.

குலுக்கலை எங்கே நடத்துவது என்பதும் யோசிக்க வேண்டியதே. டில்லியில் ஒரு யந்திரம் எண்களைப் பொறுக்கிக் கெஜட்டில் அச்சிட்டால் தொழிலாளிக்கு அதில் நம்பிக்கை பிறக்காது. ஜில்லாவுக்கு ஜில்லா, திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலோ கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலோ, தொழிலாளரின் கண் முன்னே, ஷிப்டு மாறும் நேரத்தில் நடத்த வேண்டும். பரிசு பெற்றவர் அடுத்த ஷெட்டில் வேலை செய்பவராக இருப்பார். அவர் கணக்கில் ஆயிரம் ரூபாய் ஏறியதை மற்றவர்கள் அவருடைய பாஸ் புஸ்தகத்திலேயே பார்த்துக் கொள்ளலாம்.